மெஷினுக்குப் புரியாத வரேன்

கூலிம் நகரத்தில் நான் வேலை செய்த அலுவலகத்தில் ஒழுங்காகத் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் அந்த மெஷினுக்கு என் குரல் போனது. மற்றபடி என் குரலுக்கு ஒரு சிறப்பும் கிடையாது. கொஞ்சம் கரகரப்பு, கோபம் வந்தால் மூக்கால் பேசும் பழக்கம். கோபம் வராத நேரத்திலும் அப்படித்தான் என்பார் என் கணவர்.

நாங்கள் செய்தது போனில் பேசும் மெஷின். அதுவே கூப்பிடும், கேள்வி கேட்கும், எதிரே இருப்பவர் சொல்லும் பதிலைப் புரிந்துகொண்டு குறித்து வைக்கும். முதலில் மலாயும் ஆங்கிலமும் பேசியது. பிறகு வாடிக்கையாளர்கள் தமிழும் வேண்டும் என்றார்கள். ஸ்டோர் அறை ஒன்றைக் காலி செய்து, எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு, என்னை உள்ளே உட்கார வைத்தார்கள். ஏர்கோன் போடக் கூடாது, அந்தச் சத்தமும் பதிவாகிவிடும். வியர்த்துக் கொட்ட, வாரக்கணக்கில் வாக்கியங்களை வாசித்தேன். எங்கள் தலைவி சுங்கை பட்டாணி ஊர்க்காரர், சீனப் பெண்மணி. தமிழ் ஒரு சொல் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, சிரித்துக்கொண்டே பேசு, சிரிப்பு குரலில் தெரியும் என்று சைகை காட்டுவார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு “மன்னிக்கவும், உங்கள் பதில் எனக்குப் புரியவில்லை” என்று சலிக்கச் சலிக்கச் சொன்னேன்.

அந்த மெஷினைத் தமிழில் முதலில் கேட்டு வந்தவர்கள், நகரத்தில் இருக்கும் ஒரு சிறுநீரகச் சிகிச்சை மையத்தார். என் அப்பா ரத்தம் கழுவப் போகும் இடம் அது.

எங்கள் பக்கத்தில் யாரும் அந்தச் சிகிச்சையை டயாலிசிஸ் என்ற பெரிய பெயரால் சொல்வதில்லை. ‘ரத்தம் கழுவ’ என்பார்கள். மலாயில் அப்படிச் சொல்லிச் சொல்லித் தமிழிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. எழுதிக் கொடுத்த வாக்கியத்தில் ‘குருதிச் சுத்திகரிப்பு’ என்று இருந்தது. அதைச் சொன்னால் ஒரு கிழவருக்கும் புரியாது என்று சண்டை போட்டு மாற்றினேன். ஆகவே மெஷின் இப்படித்தான் கேட்டது: “வணக்கம். மையத்திலிருந்து பேசுகிறேன். நாளைக்கு ரத்தம் கழுவ வருகிறீர்களா?”

வருகிறேன் என்றால் வேன் போகும். வரவில்லை என்றால் மிஸ்ஸி, அதாவது அங்கே நர்ஸ், கூப்பிட்டு ஏன் என்று விசாரிப்பார். ஒரு தடவை விட்டாலே உடம்பில் தண்ணீர் ஏறும், மூச்சு முட்டும். தொடர்ந்து விட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம். அதனால்தான் முதல் நாளே போன்.

அப்பாவும் நானும் பேசுவதில்லை. அவர் பாடாங் மேஹா தோட்டத்தில் லோரி ஓட்டியவர். முதலில் ரப்பர் பால் லோரி, பிறகு தோட்டம் முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆனதும் பழக்குலை லோரி. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அண்ணனையும் என்னையும் அவர்தான் ஆக்கிப்போட்டு வளர்த்தார். தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. நான் கூலிமில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். இந்த நாட்டில் மதம் மாறாமல் அந்தக் கல்யாணம் கிடையாது. மாறினேன். அப்பா கமிட்டியிலிருந்து தானே விலகிக்கொண்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

நான் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். என்ன இருந்தாலும் பழக்கம் விடவில்லை. “அப்பா, வரேன்” என்றேன்.

“இந்த வாசல்ல நின்னு வரேன்னு சொல்லாத,” என்றார். “போறேன்னு சொல்லிட்டுப் போ.”

நானும் அவர் மகள்தானே, வீம்புக்கு என்ன குறை. “போறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது.

அதன் பிறகு அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணி சொன்னதுதான். சிறுநீரகம் போய்விட்டது, கையில் நரம்பைச் சேர்த்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள், மையத்து வேனில் போய் வருகிறார் என்று யாருக்கும் தெரியாமல் போன் செய்து சொல்வார். நான் பார்க்க வரட்டுமா என்று கேட்டதற்கு, “இப்ப வேணாம்லா, மாமா இன்னும் அதே கோவத்துலதான் இருக்காரு” என்றார்.

மெஷினுக்கு வேறு குரல் வைக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். கேட்டிருந்தால் ஏன் என்று கேட்பார்கள், குடும்பக் கதையைப் பரப்ப வேண்டும். அது மட்டும் காரணமா என்று கேட்டால், இல்லை. அப்பா காதில் என் குரல் விழ வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. போனை அறைந்து வைத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

என் வேலை, மெஷினுக்குப் புரியாமல் போன பேச்சுகளைக் கேட்டு, அவர் சொன்னது இது என்று குறிப்பது. பெயரும் எண்ணும் மறைக்கப்பட்டிருக்கும், குரல் மட்டும் வரும். மனிதர்களைத் தேடக் கூடாது, பேச்சைத்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. அப்பாவின் குரலை மறைக்க எந்த விதியாலும் முடியாது. லோரி இன்ஜின் சத்தத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது.

முதல் அழைப்பில் அவர் பேசவே இல்லை. மெஷின் கேட்டது, திரும்பக் கேட்டது. பின்னால் ஒரு சேவல் கூவியது. மூச்சு மட்டும் வந்தது. பதில் இல்லை என்று மெஷின் வைத்துவிட்டது. அன்று நான் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. அடுத்த அழைப்பில் “ம்” என்றார். அந்த ‘ம்’மை உடன்பாடு என்று குறித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மெஷின் கேள்வியை முடிப்பதற்குள் அவர் குறுக்கே கேட்டார்.

“சாப்ட்டியா?”

“மன்னிக்கவும், உங்கள் பதில் எனக்குப் புரியவில்லை,” என்றது என் குரல், சிரித்த முகத்தோடு. “நாளைக்கு ரத்தம் கழுவ வருகிறீர்களா?”

“வரேன், வரேன். சாப்ட்டியான்னு கேட்டேன்.”

“மன்னிக்கவும்.”

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கழிவறைக்குப் போய்விட்டேன். முகம் கழுவித் திரும்பி வந்தபோது தலைவி என் மேசையருகே நின்றுகொண்டு, உடம்பு சரியில்லையா என்றார். வெயில் என்றேன்.

இரவு கடையை மூடிவிட்டு வந்த கணவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கிண்டல் செய்கிறவர் அன்று கிண்டல் செய்யவில்லை. “நீ போய்ப் பாரு புள்ள, நான் வெளிய நிக்கிறேன்” என்றார். அப்பா கூப்பிடாமல் போக மாட்டேன் என்றேன். அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே மண்டை என்று முணுமுணுத்துக்கொண்டே படுத்துவிட்டார்.

அந்த மாதத்தில்தான் பெரிய புகார் வந்தது. மையத்து வேன் ஓட்டுகிறவர் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “என்னலா இது? ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஹாரன் அடிச்சிக்கிட்டு நிக்கிறேன், ஆளையே காணோம். வரேன்னு சொன்னாங்கன்னு உங்க மெஷின் சொல்லுது. எவன் சொன்னான்?”

தலைவி பதிவுகளைப் போட்டுக் காட்டச் சொன்னார். காய்ச்சலில் முனகும் ஓர் அம்மாவின் குரல். “மேலுக்கு முடியலம்மா, நாளைக்கு வர முடியாது போல. சரிம்மா, வரேன்.” மெஷின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, வருகிறார் என்று குறித்திருந்தது. வருகிறார் என்று இருந்ததால் மிஸ்ஸி கூப்பிடவில்லை. வேன் போனபோது அந்த அம்மாவை அக்கம்பக்கத்தார் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

“வர முடியாது என்று சொல்லிவிட்டு ஏன் வரேன் என்கிறார்கள்?” என்று கேட்டார் தலைவி. கேலி இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

எங்கள் வீடுகளில் கிளம்புகிறவர் போகிறேன் என்று சொல்ல மாட்டார், அது ஆகாத சொல், செத்தவரைத்தான் போய்விட்டார் என்போம், அதனால் போகும்போதும் வரேன் என்றுதான் சொல்வோம், போனை வைக்கும்போதும் அதேதான் என்று விளக்கினேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். மலாயில் ‘பெர்கி டுலு’, நான் முதலில் போகிறேன் என்றல்லவா எல்லாரும் விடைபெறுகிறோம் என்றார். ஆமாம், மலாயில் நானும் அப்படித்தான் சொல்வேன், தமிழில் வாய் வராது என்றேன்.

“அப்படியானால் உண்மையாகவே வருகிறவரை எப்படிக் கண்டுபிடிப்பது?”

“குரலில் தெரியும்.”

“உனக்குத் தெரியும். மெஷினுக்கு?”

என் மனம் அங்கே இல்லை. இந்த வாசல்ல நின்னு வரேன்னு சொல்லாத என்றவர், ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் என் குரலிடம் “சரிம்மா, வரேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். உறைக்காமலேயே அத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

ஒருவழியாக மாற்றினோம். கேள்விக்கு உடனே வரும் பதிலை மட்டும் எடுத்துக்கொள், பேச்சின் வாலில் வரும் வரேனை விட்டுவிடு என்று ஏற்பாடு. சொந்த மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களுக்கு வேன் வேண்டாம் என்பதையும் அப்போது சேர்த்தார்கள். மலாய்ப் பட்டியலில் ‘நானே போகிறேன்’ என்று இருந்ததை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து, போறேன் என்றால் சொந்த வண்டி என்று வைத்தார்கள். பலரும் “நாங்களே மோட்டார்ல போயிடறோம்” என்று சொல்வதை நானும் கேட்டிருந்ததால் சரி என்று விட்டேன். வேன்காரரின் புகார் நின்றது.

என் அண்ணனுக்குத் தூரத்தில் ஜொகூரில் வேலை கிடைத்து, அண்ணியும் பிள்ளைகளும் அவரோடு போய்விட்டார்கள். அப்பா கூட வர மறுத்துவிட்டார். போகும் முன் அண்ணி போனில் அழுதார். “பக்கத்து வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். ஆனா பேச்சுக்கு ஆள் இல்லலா அவருக்கு.” பேச்சுக்கு என் மெஷின் இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. அண்ணிக்கு அது புரிந்திருக்காது.

அதன் பிறகு அப்பா மெஷினிடம் அதிகமாகப் பேசத் தொடங்கினார். மழை பெய்கிறது என்பார். கால் வீங்கியிருக்கிறது என்பார். எதற்கும் மெஷின் மன்னிப்புக் கேட்கும். அதற்குப் புரியாத அத்தனையும் என் மேசைக்கு வரும். வாரத்தில் அவருக்கு அழைப்புப் போகும் நாட்களுக்காக நான் காத்திருப்பேன். பிறகு கோபமும் வரும். என்னிடம் கேட்க வேண்டியதை ஒரு டப்பாவிடம் கேட்கிறாரே, நான் உயிரோடு கூலிமில்தானே இருக்கிறேன் என்று வரும்.

ஒரு நாள் அவர் பேச்சு என் மேசைக்கு வரவில்லை. அவருக்கு அழைப்புப் போகும் நாள்தான் அது. புரியாதவற்றின் குவியலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், இல்லை. அப்பா பேசி, மெஷினுக்கு எல்லாம் புரிந்துவிட்டதா? அப்படி நடந்ததே கிடையாது. விதியை ஓரமாக வைத்துவிட்டு, புரிந்ததாகக் குறித்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

“நாளைக்கு ரத்தம் கழுவ வருகிறீர்களா?”

“போதும்மா. நான் போறேன்.”

“நன்றி. நீங்களே வந்துவிடுவீர்கள் என்று பதிவு செய்துகொண்டேன். நாளைக்கு வேன் வராது.”

என் குரல்தான் அப்படிச் சொன்னது. பச்சைக் குறி போட்டிருந்தது. வேன் போகாது. சொந்த வண்டிக்காரர் என்பதால், வரவில்லை என்று மிஸ்ஸிக்குத் தெரியவே வெகுநேரம் ஆகும். அப்பா மோட்டாரை விற்று வருஷக்கணக்காகிறது. அவர் சொன்ன போறேனுக்கு என்ன பொருள் என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

தலைவியிடம் வீட்டில் அவசரம் என்றேன். கணவருக்குக்கூடச் சொல்லாமல் காரை எடுத்தேன். பாடாங் மேஹா போகும் சாலையில் செம்பனை லோரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டே போனது. முந்தவும் முடியவில்லை. ஹாரனை அழுத்தி, கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே போனேன். அப்பா ஓட்டிய மாதிரி லோரிதான் அது.

மாலை வெயில் இருந்தது. அப்பா வாசலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஊசி குத்திக் குத்தி இடது கை நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. ஆளே பாதியாகச் சுருங்கியிருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் தலையில் இருந்த துடோங் முக்காட்டைப் பார்த்தார். வழியில் அதைக் கழற்றிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தது உண்மை. கழற்றவில்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்றேன்.

ஓர் ஆயிரம் பேச்சு மனதில் வைத்திருந்தேன். வாயில் பழகிக் கிடந்ததுதான் வந்தது.

“நாளைக்கு ரத்தம் கழுவ வருகிறீர்களா?”

அப்பா உதட்டைப் பிதுக்கினார். “மெஷின் மாதிரியே கேக்குற.”

“மெஷின்தான் என்னை மாதிரி கேக்குது.”

“தெரியும்லா. எனக்கென்ன பைத்தியமா? ரெண்டாவது தடவையே தெரிஞ்சு போச்சு. ஒரே எடத்துல ஒரே மாதிரி மூச்சு விடுது.”

“அப்புறம் எதுக்குச் சாப்ட்டியான்னு கேட்டீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “உங்கிட்ட கேட்டா நீ எதுனா திருப்பிக் கேப்ப. அது கேக்காது.”

“எனக்குக் கேட்டுச்சுப்பா. நீங்க பேசினது எல்லாமே எனக்குக் கேட்டுச்சு.”

அவர் தலை நிமிர்ந்தது. மெஷின் என்று தெரியும், அதற்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பது தெரியாது. மழை, கால் வீக்கம், போதும்மா என்று சொன்னது, எல்லாவற்றையும் மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. நான் அழக் கூடாது என்று நின்றேன், முடியவில்லை.

“சாப்ட்டியா?” என்றார்.

“இல்லப்பா.”

நாற்காலியைப் பிடித்து எழுந்து உள்ளே போனார். ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். எடுத்துக் கொடுக்கப் போனவர் நிறுத்தி, பாக்கெட்டைத் திருப்பினார். கண்ணுக்கு மிக அருகே வைத்துக்கொண்டு எதையோ தேடினார். ஹலால் முத்திரையைத்தான் தேடுகிறார் என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. மூலையில் இருந்த முத்திரையை விரலால் தொட்டு எனக்குக் காட்டினார். “இது உனக்கு ஆகும்ல?”

“ஆகும்பா.”

வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அது நமத்துப் போன பிஸ்கட். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சிகிச்சையைப் பற்றி நானும் திரும்பக் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. செம்பனைப் பக்கம் வெயில் இறங்கியதும் எழுந்து கையைத் தட்டிக்கொண்டேன். என்ன சொல்லிக் கிளம்புவது என்று தெரியவில்லை. வரேன் என்று சொல்ல அந்த வாசலில் எனக்கு உரிமை இல்லை. இன்னொன்றை அன்றைக்குச் சொல்ல என்னால் முடியாது. வெறுமனே தலையாட்டிவிட்டுத் திரும்பினேன்.

“நில்லு,” என்றார் பின்னாலிருந்து. “வரேன்னு சொல்லிட்டுப் போ.”

திரும்பி அவரைப் பார்த்தேன். “வரேன்பா.”

“ம்,” என்றார். கையில் புடைத்த நரம்பைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தார். “நாளைக்கு நானும் வரேன். வேன அனுப்பச் சொல்லு.”